ஞெ

காலை பத்தரை.
அங்கே இன்னும் நேற்றிரவு.
அரிசோனாவின் வாக்குகள் பாதிதான் எண்ணியிருக்கிறார்கள்.
என் திரையில் இரண்டு தலைப்புகள் தயார்:
ஒன்றில் ‘முதல்’ என்ற சொல் இருக்கிறது,
மற்றதில் இல்லை.

நாலு மொழி மேசைகள், ஒரே கூரை,
பழுதாகிக்கொண்டே இருக்கும் ஒரே காப்பி இயந்திரம்.
ஆங்கில மேசை
அவள் பெயரின் தலைமேல் நின்ற சிற்றலையைத் துடைத்துவிட்டது.
விசைப்பலகையில் இல்லையாம்.
மலாய் மேசை அதைப் பார்த்து அப்படியே ஒட்டியது.
மண்டரின் மேசையில் ஹுவெய் மின்
எழுத்தெழுத்தாய்த் தேடிப் பொருத்தினாள்;
நடுவில் ஒன்றுக்குக் கருஞ்சேறு என்று பழைய பொருளாம்,
பெயரில் யார் பொருள் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்தாள்.

எனக்கு வேலை எளிது.
அந்த அலைக்கு என்னிடம் ஓர் எழுத்தே இருக்கிறது.

இனேஸ் ஒர்தோஞெஸ்.

ஞெ.
அட்டவணையில் கட்டத்தை நிரப்ப மட்டும்
எழுதிப் பழகியது.
எப்போதோ ‘ஞெகிழ்’ என்றொரு சொல்லில் குடியிருந்தது,
நகரம் வந்து அங்கே உட்கார்ந்துகொண்டது.
இருபத்திரண்டு வருட வேலையில்
இன்றுதான் இதைத் தட்டுகிறேன்.

அருளாந்து சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார்:
“னெ போட்டுடுங்க, படிக்கிறவங்களுக்குத் தடுக்கும்.”

தடுக்கட்டும் சார்.

அடுத்த தொல்லை ‘ஹிஸ்பானிக்’.
ஸ்பானிய மொழி பேசுவோர் என்று எழுதலாம்;
அவளே அதைத் தட்டுத் தடுமாறித்தான் பேசுகிறாள்,
எதிராளி அதை வைத்து விளம்பரமே எடுத்தார்.
இனம் என்று எழுதலாம்;
இனம்தானா என்ற வழக்கு அங்கேயே தீரவில்லை.
கரும்புக்காட்டிலிருந்து வந்தவர், கப்பலில் வந்தவர்,
எல்லைக்கோடு வரும் முன்பே அங்கிருந்தவர்
எல்லோரும் ஒரு கட்டத்துக்குள்.

அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும்.
என் அடையாள அட்டையில் ‘இந்தியர்’.
அதற்குள் பஞ்சாபியும் குஜராத்தியும் மலையாளியும் நானும்
மின்தூக்கியில் நிற்பதுபோல் நிற்கிறோம்,
மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு.

அதிபர் படமாய்த் தமிழ் முகம்
எங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் தொங்கியிருக்கிறது.
பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை.
அன்று மாலையும் டாக்சிக்காரர் கேட்டார்,
“எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்?”
யீஷூன் என்றேன்.
இல்லை, அதற்கு முன்னால் என்றார்.
அதற்கு முன்னால் தோ பாயோ.

திரையில் நெப்ராஸ்கா.
இறைச்சி ஆலைச் சீருடையோடு ஒரு மனிதர்,
வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார்,
ஒலிவாங்கியை யாரோ நீட்ட
வாயைத் திறந்து, மூடி,
கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைக்கிறார்.
உங்களுக்கு இதனால் என்ன கிடைக்கும் ஐயா
என்று கேட்கத் தோன்றுகிறது.
சம்பளம் கூடாது. கத்தியும் இலேசாகாது.
ஆனாலும் அந்த முகத்துக்கு
தமிழில் துணைவரி போட என்னால் ஆகவில்லை;
வெறுமனே ஓடவிட்டேன்.

செய்தி அறையில் குமுதினி ஒத்திகை பார்க்கிறாள்:
ஞெஸ்... ஒர்தோ... ஞெஸ்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் வராது,
நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிவது மட்டும் தெரிகிறது.

பதினொன்று நாற்பது.
முன்னிலை நாலாயிரம் குறைகிறது,
பிறகு ஆயிரம் ஏறுகிறது.
அருளாந்து சார் ஒன்றும் சொல்லாமல்
இரண்டு தலைப்பையும் படித்துவிட்டுப் போகிறார்.

இரண்டையும் சேமித்தேன்.
‘முதல்’ ஒன்றில்தான்.
ஞெ இரண்டிலும் இருக்கிறது.