கைப்பிரேக் போடுங்க

பதினோரு வருஷமாக இதையே சொல்கிறேன்,
யெல் தீவுப் படகில், மஞ்சள் கோட்டில்,
ஒவ்வொரு கார் ஜன்னலுக்கும் குனிந்து:
கியரில் விடுங்க, கைப்பிரேக் போடுங்க.
பாதியைக் காற்று தின்றுவிடும்,
மீதியைக் கை சொல்லும்.

என் வீட்டு வாசல் சமதரை.
சொந்தக் காரை முதல் கியரில் விட்டு
இறங்கிப் போய்விடுவேன்.
ஊருக்கு உபதேசம்.

மார்ச்சில் ஒரு விடுமுறை நாள். பல்வலி.
லெர்விக் போகப் பயணியாக ஏறினேன்.
என் இடத்தில் நின்ற கில்பர்ட்
என் வாக்கியத்தையே என் ஜன்னலுக்குள் போட்டான்,
சிரிக்காமல்.
இழுத்தேன்.
கடக் கடக்கென்று ஐந்து பல்.
என்னுடையதையும் சேர்த்தால் ஆறு.

இருபது நிமிடம் கடல்.
அக்கரையில் சரிவுப்பாலம் இறங்கியது.
லீவரை விட்டேன். லீவர் இறங்கியது.
சக்கரம் விடவில்லை.

பின்னால் மீன் லாரி, தபால் வேன்,
டிரெய்லர் நிறைய ஆடுகள்.
ஆடுகள்கூடப் பார்த்தன.
ஆக்சிலரேட்டரை மிதித்து இழுத்துக்கொண்டே இறங்கினேன்;
பாலத்தில் ஒரு கறுப்புக் கோடு,
இன்னும் இருக்கிறது.

கரையில் நிறுத்திப் புறங்கையைக் காட்டினேன்:
வலப் பின்சக்கரம் பச்சைத் தண்ணீர்.
இடப் பின்சக்கரம் அடுப்பு.
முடி கருகும் வாடை.
அடுத்த படகிலேயே திரும்பினேன்,
கைப்பிரேக் போடாமல், டயருக்கு மரக்கட்டை வைத்து.
பல் காத்திருக்கட்டும்.

சனிக்கிழமை ஜாக்கியில் ஏற்றினேன்.
பக்கத்து வீட்டு ஓஸ்லா வந்தாள்;
சால்மன் பண்ணையில் வலை தைப்பவள்,
இறுகிய முடிச்சைத் திட்டாமல் பார்க்கத் தெரிந்தவள்.
நான் சுத்தியல் எடுத்தேன்.
முதலில் யார் பிடிக்கிறான் என்று பார், என்றாள்.

கேபிளைக் கழற்றினோம்.
கேபிள் உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது. அது இல்லை.
பிளீடரைத் திறந்தோம்.
காப்பி நிறத்தில் எண்ணெய் சொட்டியது,
சக்கரம் அசையவில்லை. ஹோஸும் இல்லை.
வழுக்கு ஊசிகள் இரண்டும்
கிரீஸ் காய்ந்தும் நகர்ந்தன.
மிச்சம் காலிப்பரின் முதுகில்
விரல் நீளக் கை ஒன்று.
ஸ்பிரிங் இழுத்தும் திரும்பாமல்
பாதியில் நின்றிருந்தது. உடும்புப்பிடி.

இதை நீ இழுத்ததே இல்லையா?
என்றாள்.
நான் ஸ்பேனரைத் தேடினேன்.

எண்ணெய் விட்டு, ஒரு நெல் அளவு முன்னே,
ஒரு நெல் அளவு பின்னே,
மழை வந்து, மழை போய், இன்னொரு மழை.
கை அசைந்தது.
பின்பக்கப் பிஸ்டன், அழுத்தினால் போகாது;
அழுத்திக்கொண்டே திருக வேண்டும்.
திருகினோம். ரப்பர் உறை மடங்கியபோது
உள்ளே தெரிந்தது:
உப்பு அரித்த பள்ளங்கள்,
அம்மைத் தழும்பு மாதிரி, சுற்றிலும்.

இதைத் தேய்த்து மினுக்கலாம், என்றேன்.
குளிர்காலம் வரைக்கும், என்றாள்.

அபர்டீனிலிருந்து வேறொன்று வர வேண்டும்.
புயல். இரண்டு இரவு கப்பல் இல்லை.
என் காரை நிறுத்தியதும் கடல்,
அதன் மருந்தை நிறுத்தியதும் கடல்.
ஓஸ்லாவின் வேனில் வேலைக்குப் போனேன்,
படகில் அவளிடமும் சொன்னேன்.
ஏற்கெனவே இழுத்திருந்தாள்.

புதியதைப் பூட்டிய மாலை
அவள் உள்ளே மிதி மேல், நான் கீழே குழாயோடு.
மிதி. பிடி.
குமிழிகள் போயின.
விடு.
மிதி. பிடி.
பத்து வருஷப் பக்கத்து வீட்டில்
நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.
விடு.

திங்கட்கிழமை முதல் ஓட்டம்.
சிவப்புக் கார், மட்கார்டு முழுக்கத் துரு.
ஓட்டுவது யாரோ கல்லூரிப் பையன்.
குனிந்து சொன்னேன். இழுத்தான்.
பிறகு, விதிப்புத்தகத்தில் இல்லாதது:
பின்னால் போய் இரண்டு சக்கரத்துக்கும்
புறங்கையைக் காட்டினேன்.
என்ன? என்றான் கண்ணாடியில்.
இரண்டும் ஒரே வெதுவெதுப்பு.
ஒன்றுமில்லை, என்றேன்.

பல்லுக்கு ஏப்ரல் பதினேழு.