இருபத்தொரு லாரி

குத்தாயிசியில், பல் மருத்துவர் அறைக்கு மேலே
எங்கள் அலுவலகம். மூன்று மேசை, ஒரு ஹீட்டர்.
கீழே துளைக்கருவி சுழலும்போதெல்லாம்
எத்தேரி கண்ணை மூடிக்கொள்வாள்,
வலி அவள் பல்லில் என்பதுபோல.

நாங்கள் செய்த விளையாட்டு எளிது.
ஒரு மலைக்கணவாய். இரவெல்லாம் பனி.
முன்பின் தெரியாத நானூறு பேர்
ஆளுக்கொரு மண்வெட்டியோடு இணையத்தில் வந்து
விடிவதற்குள் சாலையைத் திறக்க வேண்டும்.
திறந்தால் லாரிகள் போகும்: உப்பு, ஆரஞ்சு,
ஒருமுறை ஒரு பியானோ.
வெற்றி என்று எதுவும் எழுதிக் காட்டுவதில்லை.
மறுநாள் மறுபடி பனி.

ருஷ்ய மொழியில் வேண்டும் என்று
ஆயிரத்து நூறு கடிதம்.
மல்காஸ் சர்வர் கட்டணத்தை உரக்கப் படித்தான்.
மார்ச் வரைக்கும் தாங்கும், அதற்கப்புறம்
நாமே தெருவில் பனி அள்ளலாம் என்றான்.
எத்தேரி ஹீட்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.
"அந்த மொழியில் என்னிடம் வந்து சேர்ந்த முதல் வாக்கியம்
'தரையில் படு'. அப்போது எனக்கு ஒன்பது வயது.
என் பனிக்கு அந்தச் சொற்கள் வேண்டாம்."

யாரும் பேசவில்லை.
கீழே யாரோ வாய் கொப்பளித்தார்கள்.

எனக்கோ அதே மொழி மருந்துச்சீட்டு,
கேக் செய்முறை,
ரேடியோவோடு அப்பா போட்ட சண்டை.
யாரிடமும் சொல்லாமல் ஒரு ராத்திரி உட்கார்ந்தேன்.

முதல் வரி: நீ வந்தாய்.
எங்கள் மொழியில் வந்த ஆள் வந்த ஆள்தான்.
அங்கே வினைச்சொல் வாசலில் நிறுத்திக் கேட்கிறது:
ஆணா, பெண்ணா?
கம்பளியில் முகம் மூடி, கையில் மண்வெட்டியோடு
நிற்பவரிடம் இதை எப்படிக் கேட்பது?
"நீ இங்கே" என்று மாற்றினேன், வினையே இல்லாமல்.
மூலத்தைவிட நன்றாயிருந்தது.
அதுதான் எரிச்சல்.

அப்புறம் எண்கள்.
எங்களுக்கு ஒரு லாரி, ஐந்து லாரி, நூறு லாரி,
எத்தனை வந்தாலும் லாரி லாரிதான்.
அங்கே ஒன்றுக்கு ஒரு முகம்,
இரண்டு மூன்று நான்குக்கு வேறு முகம்,
ஐந்திலிருந்து இன்னொன்று.
அப்படியே இருபது வரை கூட்டமாகப் போய்
இருபத்தொன்றில் சட்டென்று
மறுபடி ஒருமை.
இருபது பேருக்குப் பின்னாலும்
தனியாக வந்து நிற்கிற ஒருவர்.
விடியும்வரை அந்த இடத்திலேயே இருந்தேன்.

சாலைக்கு இரண்டு முனை உண்டு.
வடக்கு முனையை வரைந்தது எத்தேரிதான்;
அங்கே யாரும் வருவதில்லை.
ஜனவரியில் ஒரு விளக்கு எரிந்தது.
பெயர்: உப்பு77.
தனியாளாக முப்பது மீட்டர் வெட்டிவிட்டு
அகராதியைக் கிளறி, எங்கள் மொழியில் ஒரு செய்தி:
"நான் பனியை உன்னால் தோண்டினேன்.
தூக்கம் நீங்கள் நல்லதாக இரு."

மல்காஸ் மேசையில் தலை வைத்துச் சிரித்தான்.
எத்தேரிக்கும் சிரிப்பு வந்தது, கோபத்தோடு.
"வேற்றுமை உருபு ஒன்றாவது உருப்படியா இருக்கா?
இதற்கு அந்த ஆள் சொந்த மொழியிலேயே
பேசித் தொலைக்கலாம்."
சொன்னபின் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.
வெளியே மழைதான். குத்தாயிசியில் பனி அபூர்வம்.

திங்கட்கிழமை என் கோப்பைத் திறந்தால்
எண்களில் நான் விட்ட பிழை திருத்தப்பட்டிருந்தது:
பதினொன்று ஒருமை ஆகாது.
ஓரத்தில் அவள் தலைப்பெழுத்து.
"சம்மதம் என்று நினைக்காதே.
பிழையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்."
மொழி மாற்றும் பொத்தான் இன்னும் அணைந்தே இருக்கிறது.
சர்வருக்கு ஆறு வாரம் உயிர்.

அன்று மாலை கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"உப்பு எழுபத்தேழுக்குப் பதில் போட்டாயா?"
"இன்னும் இல்லை. ஆணா பெண்ணா தெரியவில்லை."

படியில் இறங்கிப் போனவள்
பாதியில் நின்று குரல் கொடுத்தாள்:
"கேட்காதே."