பதினான்கு டிகிரி

கழிப்பறை வேண்டும் என்று ஏழு கை உயர்ந்தது.
ஆறு உயரவில்லை.
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்பதால்
என் கை பேனாவோடு மேசையிலேயே கிடந்தது.
அதையும் எதிர்ப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

நார்ஃபோக்கின் தட்டை வயல்களுக்கு நடுவே
நம் தேவாலயம் அறுநூறு வருடமாய்
அடக்கிக்கொண்டு நிற்கிறது
என்றார் பாதிரியார் இமோஜன் ஸ்டர்ட்.
யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

கட்டடக் கலைஞர் சேறு காணாத காலணியோடு வந்தாள்.
"இந்த இடத்தின் இயல்பு எது?
சொல்லுங்கள், அதைத் தொடமாட்டேன்."
சாய்ந்த மணிக்கூண்டு என்றார்கள்.
மூன்றாம் தூணில் யாரோ கீறிய பாய்க்கப்பல் என்றார்கள்.
வௌவால் மூத்திரம் பட்டுப் புள்ளி விழுந்த பித்தளை.
மணியடிக்கும் ஹொரேஸ் கெட்ஜ்
தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்: குளிர்.
அதை மட்டும் அவள் குறித்துக்கொள்ளவில்லை.

பெஞ்சுகளைப் பெயர்த்தபோது அடியில்
பதினொரு கையுறைகள், எல்லாம் இடக்கை.
யுத்தகால ரேஷன் அட்டை ஒன்று.
தளக் கற்களுக்குச் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டு எடுத்து
வெந்நீர்க் குழாய்களைச் சுருள் சுருளாய்ப் பரப்பி
அதே வரிசையில் திரும்பப் பதித்தார்கள்.
தானிய வியாபாரி எலியாஸ் பன்டிங்கின்
கல்லறைக் கல் மட்டும் தலைகீழாகிவிட்டது.
இப்போது அவர் வாசலைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.
இருபத்தொரு டிகிரி.
ஒருவர் முன் ஒருவர் கோட்டைக் கழற்றினோம்,
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.
பத்தொன்பது வருடமாய்ப் பின்வரிசையில் இருமுகிறவளின்
முழங்கைகளை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் வாசகத்தின் நடுவில்
துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம்.
கூரையிலிருந்த ஓக் தேவதைக்கு
இடது சிறகு நெடுக விரிசல்.
ஆர்கன் சுருதி ஏறி
பாடகர் குழுவை எங்கோ இழுத்துக்கொண்டு போனது.

மரம் பார்க்க வந்தவர் ஏணியிலிருந்து இறங்கிச் சொன்னார்:
ஈரத்திலேயே வாழ்ந்த மரம் இது.
திடீரென்று காயச் சொன்னால் கேட்காது.
பதினான்கைத் தாண்டாதீர்கள்.

பதினான்கு என்றால்
மேல் பொத்தான் இரண்டைத் திறந்துவிடலாம்,
மூன்றாவதைத் தொட மனம் வராது.
சுவரிலுள்ள திருகியைப் பெட்டியில் பூட்டி
சாவியை ஹொரேஸிடம் கொடுத்துவிட்டோம்.

நேற்று நற்கருணையின் மௌனத்தில்
மணிக்கூண்டின் அடியிலிருந்து
மடமடவென்று தண்ணீர் இறங்கும் ஓசை.
எல்லாத் தலையும் அசையாமல் இருக்கப் பாடுபட்டது.
கதவு மெல்லத் திறந்தது.
எதிர்த்து வாக்களித்த ஆறு பேரில் ஒருவர்.
பெயர் எதற்கு,
குறிப்பு எழுதுகிறவள் நான்தானே.