மூன்றாம் லெவல்

ஏகாம்பரம் வீதி நெட் கஃபேயில்
மணித்தியாலத்துக்கு முப்பது ரூபாய்.
துஷாந்தன் கீபோர்ட், நான் மவுஸ்.
ஒரே கதிரையில் ரெண்டு பேர் குந்தியிருந்து
மூன்றாம் லெவல் துறைமுகத்தைப் பிடித்தோம்.

நேற்றிரவு அதைத் திரும்ப இறக்கினேன்.
கை மறக்கவில்லை:
பீப்பாய்க்குப் பின்னால் ஒருவன், கூரையில் ஒருவன்.
இப்போதுதான் பார்க்கிறேன்,
எல்லாருக்கும் ஒரே முகம்.
விழும்போது அவர்கள் கத்துவது
எந்த ஊர்ப் பாஷையும் இல்லை.

சுடாமல் நடந்தேன்.
குடிசைக்குப் பின்னால் கொடியில்
ஒரு சின்னச் சட்டை,
இருபது வருசமாய் அதே காற்றில்.
அப்பால் கடல். இறங்க விடவில்லை,
கண்ணுக்குத் தெரியாத ஏதோ நெஞ்சில் இடித்தது.

அந்த நாளில் ஆடி முடித்து வரும்போது
சோதனைச் சாவடியில் கைகளை விரித்து நிற்போம்.
கோட்டைப் பக்கத்து மான்கள் ரெண்டு
கேள்வியில்லாமல் கடந்து போகும்.
துஷாந்தன் காதுக்குள் கேட்பான்:
"இவங்களுக்கு எத்தினை உயிர் மச்சான்?"
சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

சட்டையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன்.
ஒஸ்லோவில் விடிந்திருக்க வேண்டும்.
"அதுக்குக் கீழதானே கிரனேட் இருக்கும்,
எடுத்தனியா?"

எடுத்திருந்தேன்.