பாதித் தலை

போர்ட் ஹார்கோர்ட், டியோபு. விடிந்ததிலிருந்து மழை.
முடிதிருத்தும் சோபோமா
ஜெனரேட்டரைத் தூக்கி வந்தான்.
பின்னாலேயே, கழுத்தில் துண்டோடு,
பாதி மட்டும் மழித்த தலை ஒன்று.

கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது.
எஞ்சினில் குறையில்லை;
வாய் ஓயாமல் பேசிவிட்டுக்
கடைசியில் கைவிரிக்கிறவன் மாதிரி ஓடுகிறது.
சிவப்பும் எரியவில்லை, பச்சையும் எரியவில்லை.

காயில் மூன்றும் ஒரே அளவு காட்டின.
அப்படியானால் இன்வெர்ட்டர்.
புதிதென்றால் முக்கால் ஜெனரேட்டர் விலை.
சோபோமா மழையைப் பார்த்தான்.

செய்தவர்கள் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருந்தார்கள்.
ஈரம் புகாமலிருக்க என்பார்கள்.
நான் புகாமலிருக்க என்பேன்.

கெபாசிட்டரின் மிச்சக் கோபத்தை
ஒரு பல்பு வழியே இறக்கிவிட்டு,
சூட்டுக்காற்று ஊதி, மரக்குச்சியால்,
பல்லிடுக்கில் இறைச்சி எடுப்பதுபோல்
இரண்டு நாள் சுரண்டினேன்.
இரண்டு நாளும் அவர் தொப்பியோடு வந்தார்.
வேறு கடைக்குப் போகலாமே என்றேன்.
"முழுக்காசும் கொடுத்தாயிற்று."

நான்கில் ஒரு ட்ரான்சிஸ்டர்
மீட்டர் முனை பட்டதும் கூவியது.
நான்கையும் மாற்றினேன்.
ஒன்று இப்படிப் போன இடத்தில்
மற்றவை நெடுநாள் தங்குவதில்லை.

மறுபடி கயிறு. மறுபடி பச்சை இல்லை.
சோபோமா துண்டை மடிக்கத் தொடங்கினான்.

ஏதோ ஒரு எரிச்சலில்
அவரே டிரிம்மரைச் செருகினார்.
உறுமியது.

செத்திருந்தது விளக்கும்கூட.
எப்போதிருந்தோ.
மாற்றவா என்றேன்.
"அதற்கு வேறு காசா? வேண்டாம்."

என் தகரக் கூரையடியிலேயே
மீதி முடி விழுந்தது,
பிசின் துணுக்குகளின் மேல்,
கறுப்போடு கறுப்பாக.