ஐந்து பேருக்கு ஒரு சகன்

கீழக்கரையில் கல்யாணம்.
மாடி முழுக்கப் பாய், பாய் முழுக்க வட்டங்கள்.
பந்தல் துணியைப் பாய்மரத் துணியென்று நினைத்து
கச்சான் காற்று இழுத்துக்கொண்டிருந்தது.

ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
சும்மா இருந்தாலும் எண்ணுவேன்.

ஐந்து பேரை வரிசையில் நிறுத்த
நூற்றிருபது விதம்.
ஏர்வாடி பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அப்படி:
முன்னால் நிற்பவளுக்கு ஜன்னல்,
கடைசியில் நிற்பவளுக்குப் படிக்கட்டு.
சகனைச் சுற்றி உட்கார்ந்தாலோ
இருபத்து நான்கே.
வட்டத்துக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது.
எல்லோரும் ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்தாலும்
என் வலப்பக்கத்துக்காரி என் வலப்பக்கத்திலேயே இருப்பாள்.

மாலையென்றால் புரட்டிப்போட்டு
பன்னிரண்டாக்கிவிடலாம்.
மனுஷிகளைப் புரட்ட முடியாது.
சோறு பிசையும் முழங்கை
யாரை இடிக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

இதையெல்லாம் ஏன் எண்ணினேன் என்றால்
எங்கள் ஐவரில்
ஜுலைஹா லாத்தாவும் ரெய்ஹானாவும் இருந்தார்கள்.
ஒரே முடுக்கு, ஒரே நடுச்சுவர்,
அதற்கு ராமநாதபுரம் கோர்ட்டில் பதினோரு வாய்தா.
நாலு வருஷமாய் ஸலாம்கூட இல்லை.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர
இருபத்து நான்கில் பன்னிரண்டு.
சரிபாதி. காசு சுண்டுவது மாதிரி.

காசு நல்லபடியாக விழுந்ததென்று மூச்சு விட்டேன்:
நடுவில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி,
வளையலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

பிறகுதான் உறைத்தது.
ஐவர் வட்டத்தில்
பக்கத்தில் இல்லாதவள் எதிரில் இருப்பாள்.
மூன்றாவதாக ஓர் இடமே இல்லை.
தோள் இடிக்காவிட்டால் கண் இடிக்கும்.

பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம்.
கறி பரத்தினவள் அவசரக்காரி.
ஜுலைஹா லாத்தா முன்னால் தொடைக்கறி,
ரெய்ஹானா முன்னால் வெறும் எலும்பு.

சுழற்றினால் எதுவும் மாறாது,
புதிதாய் எண்ண வேண்டாம்,
இதுதான் நான் படித்தது.

லாத்தா யாரையும் பார்க்கவில்லை.
இடது கையால் விளிம்பைப் பிடித்து
சகனைத் திருப்பினாள்.
ஓர் இடம்.
இன்னும் ஓர் இடம்.

நாங்கள் ஐவரும் அசையவில்லை.
தொடைக்கறி போய் ரெய்ஹானா முன்னால் நின்றது.
அவளுடைய எலும்பு எனக்கு வந்தது.

ரெய்ஹானா ஒரு வாய் வைத்தாள்.
மெதுவாக மென்றாள்.
“உப்பு பத்தலை” என்றாள்,
சோற்றைப் பார்த்து.

“இங்க இருந்தப்ப சரியாத்தான் இருந்துச்சு”
என்றாள் லாத்தா,
அவளும் சோற்றைப் பார்த்து.

இருபத்து நான்கில் இதை எதில் சேர்ப்பது?
எலும்பை உறிஞ்சிக்கொண்டே யோசித்தேன்.
மூளை நன்றாகத்தான் இருந்தது.