காலுக்கு மட்டும்

ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரி, மருந்து கட்டும் அறை.
குலவீரசிங்கம் இடது காலைக்
கதிரையில் தூக்கி வைக்கிறார்,
வேறு யாருடையதையோ வைப்பதுபோல.
சீனி வருத்தம் வந்து பதினொரு வருசம்.
பாதத்தில் ரூபாய்க் குற்றியளவு பள்ளம்,
ஆறு மாதமாய் மூடாத கண்.

சாராயப் போத்தலொன்றை நீட்டுகிறார்,
வாயில் தேன்மெழுகு அடைப்பு.
"பாலைப்பூத் தேன், மிஸ்ஸி. நானே எடுத்தது."
எங்கே என்றேன்.
சிவப்புப் பலகைக்கு அங்காலை என்றார்,
மண்டையோடு கீறின பலகை.
தேனீக்கு வாசிக்கத் தெரியாது.
இவருக்குத் தெரியும்.

ஏசினேன்.
ஏசி முடித்து அலுமாரியைத் திறந்து
எங்கள் தேனை எடுத்தேன்:
விரலளவு டியூப்,
கதிர் பாய்ச்சிக் கிருமி கொன்றது,
கடல் தாண்டி வந்தது, காலாவதித் திகதியோடு.
புண்ணுக்குள் இதுதான் விடலாம்.

வாங்கி மணந்தார். "இது என்ன பூ?"
பெட்டியில் இருந்த பெயரை
எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
அந்தப் பூவை ஒருநாளும் காணேல்லை என்றார்.
நானும்தான்.

தேன் தண்ணீரை இழுக்கும்,
புண்ணின் நீரை, கிருமியின் நீரையும்.
அதனால் முதலில் எரியும்.
"குத்தினாலும் எரியும், ஆத்தினாலும் எரியும்.
அதின்ர குணம்."
"நாக்கில ஒரு சொட்டு?"
"இல்லை."
"மணக்கலாமோ?"
"மணக்கலாம்."

கதவடியில் நின்ற தாய்
மடியிலிருந்த நாற்பது நாள் பிள்ளையின் இருமலுக்கு
ஒரு துளி கேட்டாள்.
ஒரு வயசு முடியட்டும் என்றேன்.
ஒரு போத்தல் தேன்,
அறை முழுக்கத் தடை.

ஒன்பதாம் கிழமை பள்ளம் மேலே வந்தது,
பாலாடைபோல் ஒரு புதுத் தோல்.
டியூபோ, தவறாமல் கிளினிக் வந்ததோ,
செருப்பை மாற்றியதோ,
கொப்பியில் ஒரு மருந்துக்குத்தான் கட்டம் இருந்தது.

போத்தலை என் மேசையில் விட்டுப் போனார்.

இரவு வேலை. தொண்டை கட்டியிருந்தது.
அடைத்திருந்த மெழுகைச் சுரண்டி
வெடித்த குதிக்காலில் தேய்த்தேன்.
வெந்நீரில் ஒரு கரண்டி தேன்.
இனிப்பு முடிகிற இடத்தில் சின்னதாய் ஒரு கசப்பு.
பாலைப்பூவினுடையதோ,
பலகைக்கு அங்காலை பூத்த
வேறெதினுடையதோ.

மூடியில்லாத போத்தலுக்கு
எறும்புகள் ஏற்கெனவே வந்துவிட்டன,
துண்டு எடுக்காமல், வரிசையாய்.